அடியில் ஒட்டியிருந்த பெயர்

ஊரே தேடிக்கொண்டிருந்த பெண்பிள்ளைதான் ஊர்ப் பிள்ளைகளைத் தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூத்தைப் பாருங்கள். மஞ்சள் பஸ்ஸை ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, கதவைத் திறந்து, அதட்டி ஏற்றிக்கொள்வாள். பிள்ளையை ஏற்றிவிட வந்த தகப்பன் காபிக் குவளையும் கையுமாக நின்று, "அந்த ஜேன் டோ யாருன்னு ஏதாவது தெரிஞ்சுதா மிஸ் நடீன்?" என்று கேட்பான். "எனக்கென்னப்பா தெரியும்" என்பாள் நடீன். சொல்லிக்கொண்டே கம்பியை இழுத்துக் கதவை மூடிவிடுவாள்.

ஜேன் டோ என்பது நிஜப் பெயர் இல்லை. வழக்குப் போட்டவரின் பெயர் வெளியே தெரிந்தால் உயிருக்கோ பிழைப்புக்கோ ஆபத்து என்று கோர்ட் நினைத்தால், அந்தப் பெயரைப் பூட்டி வைத்துவிட்டு, இப்படி ஒரு பொம்மைப் பெயரை எழுதிக்கொள்வார்கள். டன்னவே ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேல் அப்படி ஒரு ஜேன் டோ வழக்குப் போட்டிருந்தாள். அரசாங்கப் பள்ளிக்கூடத்து வகுப்பில் ஆசிரியர் ஜெபம் நடத்தக் கூடாது, வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தில் பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கியில் ஜெபம் சொல்லக் கூடாது; சபை வேறு, சர்க்கார் வேறு. இதுதான் வழக்கு. ஃபுட்பாலையும் ஜெபத்தையும் ஒரே வழக்கில் தொட்டவளை அலபாமாவின் எங்கள் மூலையில் யார் சும்மா விடுவார்கள்?

எங்கள் பேச்சில் டோ என்றால் பெண்மான். வேட்டைக்கார ஊர், கேட்க வேண்டுமா? ஹாய்ட் ப்ரூயிட்டின் தீவனக் கடையில் ஒரு அட்டை தொங்கியது. இந்த வருஷம் பெண்மான் வேட்டை சீசன் சீக்கிரமே திறக்கும் என்று அதில் எழுதியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கோழித் தீவனம் வாங்கப் போன நடீனும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

அவள் பிறந்தது மலைமேல். அப்பா ஓடிஸ் மர அறுவை மில்லில் வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னச் சபையில் பிரசங்கம் செய்தார், அதற்குச் சல்லிக்காசு வாங்கியதில்லை. பழைய பாப்டிஸ்டுகள் என்று அவர்களைச் சொல்வோம். பியானோ கிடையாது, உண்டியல் கிடையாது. சின்னப் பிள்ளைகளைப் பிடித்து ஞானஸ்நானம் கொடுப்பதும் கிடையாது. இரட்சிப்பு என்பது தானாக வர வேண்டும், வந்தபிறகுதான் வாயால் சொல்ல வேண்டும், வராமல் சொன்னால் அது சாமி முகத்துக்கு நேரே சொல்கிற பொய் என்பார் ஓடிஸ். நடீனுக்கே முப்பது வயது தாண்டித்தான் வந்தது. அதுவரை அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை.

லாரி ஓட்டுகிற ராய்ஸ் கிம்ப்ரலைக் கட்டிக்கொண்டு கீழே ஊருக்கு வந்தாள். அவன் பெரிய சபைக்காரன், அதனால் அவளும் பெரிய சபைக்காரி ஆனாள். ஒரு மழை நாளில் மரம் ஏற்றிய லாரி மலை வளைவில் கவிழ்ந்து ராய்ஸ் போய்ச் சேர்ந்தான். பாஸ்டர் பிரதர் டேல் ஆஸ்பத்திரி நடையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் அழுகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல மனுஷன். அதுதான் இந்தக் கதையில் கொடுமையே. அவர்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லி அவளுக்கு பஸ் வேலை வாங்கிக் கொடுத்தார். சம்பளம் கொஞ்சம்தான். ஆனால் மகள் கெண்ட்ராவுக்கு ஆஸ்துமா. அந்த வேலையோடு வருகிற இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் பிள்ளைக்கு மூச்சு இல்லை.

சபைச் சமையலறை நடீன் பொறுப்பு. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தாலோ குழந்தை பிறந்தாலோ அடுப்பு மூட்ட விட மாட்டோம். கோழியும் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் போட்டு, மேலே பிஸ்கட் தூளைத் தூவி, கண்ணாடிப் பாத்திரத்தில் சுட்டு எடுத்துக்கொண்டு பெண்கள் முறைவைத்துப் போவார்கள். எல்லாருடையதும் ஒரே மாதிரிப் பாத்திரம், ஒரே கடை. கலந்துபோகாமல் இருக்க அடியில் காகித டேப் ஒட்டி மையால் பெயர் எழுதுவோம். புதுப் பாத்திரம் வாங்கி வந்ததும் முதல் வேலை அதுதான். அப்புறம் ஒரு முறை உண்டு. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கவே கூடாது. நாலு பிஸ்கட்டாவது, தோட்டத்துத் தக்காளியாவது வைத்துத்தான் தர வேண்டும். வெறும் பாத்திரம் தந்தால் உன் உறவே வேண்டாம் என்று அர்த்தம்.

இப்படிப்பட்டவள் எப்படி ஜேன் டோ ஆனாள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கெண்ட்ரா ஏழாம் வகுப்பு. ஒருநாள் காலை வகுப்பு டீச்சர் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, இரட்சிக்கப்பட்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். கெண்ட்ரா தூக்கவில்லை. தாத்தா சபைப் பழக்கம் அவள் ரத்தத்தில் இருந்தது. டீச்சர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவளையும் இன்னும் இரண்டு பேரையும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மற்ற பிள்ளைகளைச் சுற்றி நிற்கச் சொல்லி, தலையில் கைவைத்து ஜெபிக்க வைத்தாள். மறுநாளும் அதே கேள்வி, அதே நாற்காலி. மூன்றாம் நாள் கெண்ட்ரா கையைத் தூக்கிவிட்டாள். வகுப்பே கைதட்டியது. வீட்டுக்கு வந்த பிள்ளை சாப்பிடவில்லை. "பயத்துல கைய தூக்கிட்டேம்மா. சாமிகிட்ட பொய் சொல்லிட்டேன். தாத்தா சொன்ன மாதிரி எனக்கு இனிமே வரவே வராதாம்மா?" என்று கேட்டது.

நடீனுக்கு அப்பா பேசியது அப்படியே காதில் கேட்டது. "அந்தக் காலத்துல நம்ம பாப்டிஸ்ட் ஆளுங்களப் பிரசங்கம் பண்ணினதுக்கு ஜெயில்ல போட்டாங்க, தெரியுமா? போட்டவன் சாமி இல்லாதவன் இல்ல. சர்க்கார் காசு வாங்கின பாதிரி. அதனாலதான் ஜெபத்த சர்க்கார் கையில குடுக்காதீங்கன்னு நாம சட்டமா கேட்டு வாங்கினோம். இப்ப நம்ம கூட்டம் பெருத்துப்போச்சு, மறந்துட்டோம்."

தலைமையாசிரியர் அறைக் கதவு வரை போனாள். உள்ளே அவரும் ஃபுட்பால் கோச்சும் சிரித்துப் பேசுவது கேட்டது. திரும்பி வந்துவிட்டாள். பிறகு கெண்ட்ராவைப் பல் டாக்டரிடம் காட்டப் பெரிய பட்டணத்துக்குப் போன அன்றைக்கு, அதே தெருவில் ஒரு வக்கீல் பலகை கண்ணில் பட்டது. படியேறிப் போனாள். பெயர் வெளியே வராது என்று வக்கீலம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். சபையிலோ தெருவிலோ ஸ்டேடியத்திலோ யாரும் தானாக ஜெபம் செய்வதை இந்த வழக்கு தொடவே தொடாது என்றும் சொன்னாள். அதைத்தான் நடீன் நம்பினாள். ஊரும் அதைப் புரிந்துகொள்ளும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை அவளுக்கு.

ஊராவது, புரிந்துகொள்வதாவது. ஒலிபெருக்கியில் ஜெபம் கூடாது என்று தற்காலிகத் தடை வந்த வெள்ளிக்கிழமை, ஆட்டம் தொடங்குமுன் ஸ்டேடியம் மொத்தமும் எழுந்து நின்று பரமண்டல ஜெபத்தை உரக்கச் சொன்னது. அதில் தப்பொன்றும் இல்லை, யார் வேண்டாம் என்றார்கள். ஆனால் அது ஜெபம் மாதிரிக் கேட்கவில்லை, யாரையோ அடிக்கக் கை ஓங்குகிற மாதிரிக் கேட்டது. நடீனும் எழுந்து நின்று சொன்னாள். 'தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்' என்ற இடத்தில் எல்லாரும் குரலை உயர்த்த, அந்தத் தீமை தான்தான் என்று அவளுக்கு உறைத்தது. எல்லாம் தெரிந்த கெண்ட்ரா பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் அவளுக்கு எல்லாமே பயம். பெட்ரோல் பங்கில் யாராவது தன்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் பயம். வீட்டுக்கு வக்கீலம்மா போன் செய்துவிடுவாளோ என்று பயம். தூக்கத்தில் கெண்ட்ரா ஏதாவது உளறுவாளோ, அது தோழி வீட்டில் நடந்துவிடுமோ என்று, பிள்ளையை யார் வீட்டிலும் தங்க விடவில்லை. சபையில் பாட்டுப் பாடும்போது தன் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறதோ என்று பாதியில் நிறுத்திக்கொள்வாள்.

இந்த நேரத்தில்தான் ஊர் தன் ஆளைக் கண்டுபிடித்தது. அதாவது, தப்பான ஆளை.

டெனிஸ் ப்ரோக்கா என்று ஒருவன், ஒஹையோவிலிருந்து வந்து டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தான். மனைவி ஐலீன் கர்ப்பிணி, மூத்த மகள் டானா இரண்டாம் வகுப்பு. எந்தச் சபைக்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புல் வெட்டுவான். வேறென்ன சாட்சி வேண்டும்? அவர்கள் வீட்டுத் தபால் பெட்டியை ஓடுகிற காரிலிருந்து மட்டையால் அடித்து நசுக்கினார்கள். வேன் டயரைக் கிழித்தார்கள். ஒரு சாயங்காலம் வாசல் விளக்கைச் சுட்டார்கள். ஷெரீஃப் ஆள் வந்து பார்த்து, வேட்டைக்குண்டு வழிதவறி வந்திருக்கும் என்றான். கடைக்கு ரிப்பேருக்கு வந்த டிவிகளை எல்லாம் அவரவர் வந்து திருப்பி எடுத்துப்போனார்கள்.

பஸ்ஸில் டானாவின் முதுகில் யாரோ துப்பினார்கள். நடீன் பஸ்ஸை ஓரம் கட்டினாள், துப்பினவன் யாரென்று கேட்டாள், யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து டானாவைத் தன் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் அந்தக் குழந்தையின் முகம் எந்நேரமும் தெரிந்தது. தனக்கு விழ வேண்டிய எச்சில் அது என்று நடீனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சொன்னால் பஸ் போகும், இன்ஷூரன்ஸ் போகும், கெண்ட்ரா முதுகில் துப்புவார்கள், வாசல் விளக்கு என்ன, ஜன்னலையே சுடுவார்கள். சொல்லாவிட்டால் இந்தக் குழந்தை. இப்படி எண்ணி எண்ணி அவள் பாதி ஆளாக இளைத்துப் போனாள்.

ஐலீனுக்குக் குறைமாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியும் ஒரு பாத்திரம்கூட அந்த வாசலுக்குப் போகவில்லை. நடீன் சபைச் சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, பாஸ்டர் மனைவி க்ளெண்டாவிடம் பட்டும்படாமலும் பேச்சை எடுத்தாள். க்ளெண்டா கெட்டவள் இல்லை, கோழை. "பாவம்தான் நடீன், பச்ச உடம்பு. ஆனா கொண்டு போறவங்களையும் ஊரு பாக்கும் இல்ல? எனக்கு மனசு கேக்கல. ஆனா நான் பாஸ்டர் பொண்டாட்டியா இருந்துக்கிட்டு என்ன பண்ண முடியும்?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை, காலை டிரிப் முடித்ததும் நடீன் வீட்டுக்கு வந்து கோழியை வேக வைத்தாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. நூடுல்ஸ், பாலாடைக்கட்டி, மேலே பிஸ்கட் தூள். எல்லா ஜாக்கிரதையும் எடுத்துக்கொண்டாள். ராய்ஸின் பழைய கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டாள். வண்டியைப் பாழடைந்த பருத்தி மில்லுக்குப் பின்னால் மறைத்து நிறுத்தி, வயல் வழியாக நடந்து போனாள். துண்டுச் சீட்டு எதுவும் வைக்கவில்லை. அலுமினியத் தாள் சுற்றிய பாத்திரத்தைப் படியில் வைத்தாள், கதவை ஒரு தட்டு தட்டிவிட்டு, களவாணி மாதிரி ஓடி வந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் மூச்சு வந்தது. யாரும் பார்க்கவில்லை. எவ்வளவோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் கொஞ்சம் லேசாக இருந்தது.

சாயங்கால டிரிப்பில் டானாவை இறக்கிவிட்டாள். வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐலீன் நின்றாள். எப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவள், அன்றைக்கு நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தாள். பஸ்ஸை இல்லை, நடீனைப் பார்த்தாள். மெதுவாகக் கையை உயர்த்தினாள்.

இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்த அந்த நிமிஷமே நடீனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. டேப். பாத்திரத்தின் அடியில் டேப். ந. கிம்ப்ரல் என்று அவளே கொட்டை எழுத்தில் எழுதினது. இருபது வருஷமாக ஒட்டி ஒட்டி, அது அங்கே இருப்பதே அவள் கண்ணுக்கு மறந்துபோயிருந்தது. கோட்டை மாற்றினாள், வண்டியை மறைத்தாள், வயலில் நடந்தாள். பெயரை மட்டும் பத்திரமாகக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளையைத் தவிர இப்படியொரு பிசகு வேறு யாருக்கு வரும்?

"போய்க் கேட்டு வாங்கிட்டு வந்துடலாமாம்மா?" என்றாள் கெண்ட்ரா, விஷயத்தைக் கேட்டதும்.

"குடுத்த சாப்பாட்டுப் பாத்திரத்த மறுநாளே போய்க் கேப்பாங்களாடி? அதுவும் பட்டப்பகல்ல? பேசாம இரு. அவ யாருகிட்ட சொல்லப் போறா, அவளோட யாரு பேசுறா" என்றாள் நடீன். சொல்லும்போதே பாழும் வாய், என்ன பேச்சு பேசுகிறோம் என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் பெரிய சபையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். சாப்பிட்டு முடிக்கும்போது பாஸ்டர் எழுந்து, யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்பார். கையைத் தூக்கி அவரவர் சொல்வார்கள். அத்தை முழங்காலிலிருந்து காணாமல் போன நாய் வரைக்கும் வரும். எதையும் பிரதர் டேல் இல்லையென்று சொன்னதில்லை.

அன்றைக்குச் சாப்பாடு பாதியில் இருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு ஐலீன் உள்ளே வந்தாள். ஒரு தோளில் குழந்தை, இன்னொரு கையில் கழுவித் துடைத்த கண்ணாடிப் பாத்திரம். கூடமே பேச்சை நிறுத்தியது. பாத்திரம் காலியாக இருப்பதைப் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒஹையோக்காரிக்கு எங்கள் முறை எங்கே தெரியும்?

"சாப்பிடுற நேரத்துல வந்துட்டேன், மன்னிக்கணும். இதத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன். அடியில பேர் இருந்துச்சு. நடீன் கிம்ப்ரல்" என்றாள். நடீனின் கையில் பாத்திரத்தைக் கொடுத்தாள். "பிள்ள பெத்து வந்ததுலேர்ந்து எங்க வாசலுக்கு வந்தது கல்லும் இதுவும்தான். நேர்ல நன்றி சொல்லணும்னு தோணுச்சு."

தீவனக் கடை ஹாய்ட் ப்ரூயிட் நாற்காலியில் சாய்ந்தான். ஃபுட்பால் கமிட்டித் தலைவன், குரல் எப்போதும் மைதானத்துக்குப் பேசுகிற மாதிரி. "கேஸ வாபஸ் வாங்கச் சொல்லும்மா உன் புருஷன. சாப்பாடு தானா வரும்."

"எங்க கேஸ் இல்லங்க. எத்தன தடவ சொல்றது?"

"அப்ப யாரோடது?"

ஐலீனுக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ, நடீன் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது நடீனுக்குச் சாட்டையடியாக இருந்தது.

பாஸ்டருக்குத் தர்மசங்கடம். வந்தது வந்தீர்கள், உட்காருங்கள், ஜெபம் செய்யப் போகிறோம் என்று ஐலீனுக்கு நாற்காலி காட்டிவிட்டு, அவசரமாகக் கேட்க ஆரம்பித்தார். யாரோ ஒருத்தியின் இடுப்பு ஆபரேஷன், யாரோ ஒருவரின் கடற்படையில் இருக்கும் மகன். அப்புறம் ஹாய்ட் கையைத் தூக்கினான்.

"எனக்கு ஒண்ணு இருக்கு பிரதர் டேல். அந்த ஜேன் டோவ கர்த்தர் நம்ம கண்ணுக்குக் காட்டணும். சனிக்கிழமைக்குள்ள காட்டலேன்னா, நாங்க கொஞ்ச பேரு ப்ரோக்கா வீட்டுக்குப் போய் டெனிஸ்கிட்டயே கேட்டுக்கலாம்னு இருக்கோம்." ஐலீனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஆண்கள் மேஜையில் சிலர் ஆமென் என்றார்கள். பாஸ்டர் அதையும் குறித்துக்கொண்டார்.

ஐலீனின் தோளில் குழந்தை சிணுங்கியது. அவள் அதை இறுக அணைத்துக்கொண்டாள். க்ளெண்டா நடீனின் முழங்கையைத் தொட்டு, "நீ கவலப்படாத. உனக்கு இளகின மனசுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்று காதோடு சொன்னாள். தப்பித்துக்கொள்ள அதுவே போதும். தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்தால் போதும், காலையில் பஸ் இருக்கும். இன்ஷூரன்ஸ் இருக்கும். கதவைத் தாழ் போடாமல் தூங்கலாம். நடீனுக்கு அந்தச் சும்மா இருப்பது அவ்வளவு இனிப்பாகத் தெரிந்தது.

அப்போதுதான் மேஜைக்கு எதிர்ப்பக்கம் கெண்ட்ராவைப் பார்த்தாள். பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. அதோடு அவள் வலது கை மேஜையை விட்டு மெதுவாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. வகுப்பில் பயந்து தூக்கிய அதே கை.

பிள்ளை உண்மையைச் சொல்லிவிடுமுன் நடீன் எட்டி அந்தக் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். தன் கையைத் தூக்கினாள்.

"சொல்லுங்க சிஸ்டர் நடீன்" என்றார் பாஸ்டர், பேச்சு மாறினால் போதும் என்கிற நிம்மதியில்.

"எனக்காக ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்." குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "எனக்காகப் பண்ணுங்க. நீங்க தேடுற பொம்பள நான்தான்."

யாரோ பின்னால் சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. சிரிப்பு பாதியில் நின்றது. ஹாய்ட் வாயில் வைத்த கரண்டியை எடுக்கவில்லை. க்ளெண்டா அவள் முழங்கையிலிருந்து கையை எடுத்தாள், சுட்டுவிட்ட மாதிரி.

"ஏன் சிஸ்டர்?" பாஸ்டரின் முகத்தில் கோபம் இல்லை, அடிபட்ட மாதிரி இருந்தது. "ஜெபம் உங்கள என்ன பண்ணுச்சு? ராய்ஸ் போனப்போ உங்களத் தாங்கினதே ஜெபம்தானே?"

"தாங்குச்சு. அது நீங்க உங்க மனசால பண்ணினது. பள்ளிக்கூடத்துல நடக்கிறது அது இல்ல பாஸ்டர். என் பொண்ணு பயந்துபோய்க் கை தூக்கினா. சாமி முன்னால பொய் சொன்னா. அந்தப் பொய்ய சொல்ல வச்சது சர்க்கார் சம்பளம் வாங்குற டீச்சர். எங்கப்பா இருந்திருந்தா நாண்டுக்கிட்டுச் செத்திருப்பாரு." ஐலீனைக் காட்டினாள். "இந்தம்மா வீட்ட விட்டுடுங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. அதான் ஜெபம் கேக்குறேன். பண்ணுவீங்களா?"

பிரதர் டேல் வாயைத் திறந்தார். கூடத்தைப் பார்த்தார், ஹாய்ட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். காணாமல் போன நாய்க்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்த மனுஷன், வாயை மூடிக்கொண்டார். நடீன் கெண்ட்ராவின் கோட்டை எடுத்து மாட்டிவிட்டு, வெறும் பாத்திரத்தை இடுக்கிக்கொண்டு, வெளியே நடந்தாள். ஐலீன் அவள் பின்னாலேயே வந்து, காரில் ஏறும்வரை ஒன்றும் பேசாமல் கூட நின்றாள். ப்ரோக்கா வீட்டுக்கு அந்தச் சனிக்கிழமை யாரும் போகவில்லை. ஆனால் அவர்கள் ஊரில் தங்கவும் இல்லை. சனிக்கிழமைக்கு முன்பே சாமான்களை ஏற்றிக்கொண்டு ஒஹையோவுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பஸ் பழுதாம், இன்றைக்கு வர வேண்டாமாம், இனி எப்போது என்று சொல்லி அனுப்புகிறார்களாம். போனை வைத்துவிட்டு அவள் ஜன்னல் திரையை விலக்கினாள். அதே பழுதான பஸ் வேறு ஒருவன் ஓட்டத் தெருவில் போனது. அவள் வீட்டுத் தபால் பெட்டி சாக்கடையில் நசுங்கிக் கிடந்தது.

அப்புறம்தான் கார்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக வாசலில் வந்து நின்றன. எஞ்சினை நிறுத்த மாட்டார்கள். கதவு திறக்கும், படியில் டங்கென்று ஒரு சத்தம் கேட்கும், கார் போய்விடும். முதல் சத்தத்துக்கு நடீன் கெண்ட்ராவை இழுத்துக்கொண்டு குளியலறைத் தரையில் படுத்துவிட்டாள். சுடுகிறார்கள் என்றே நினைத்தாள். சத்தம் மறுபடி மறுபடி வந்தது. கெண்ட்ராவின் மார்பு சீட்டியடித்தது. மருந்துக் குப்பியை உறிஞ்சக் கொடுத்தாள். அது தீர்ந்தால் அடுத்தது எப்படி வாங்குவது என்று அப்போதும் ஒரு நினைப்பு ஓடியது.

மத்தியானத்துக்கு மேல் தெரு அடங்கியபிறகு கதவைத் திறந்தாள். படி முழுக்கக் கண்ணாடிப் பாத்திரங்கள். எல்லாம் அவளுடையவை. இருபது வருஷமாக சாவுக்கும் பிறப்புக்கும் இவள் சுமந்துபோய்க் கொடுத்து, வீடு வீடாகத் தங்கிப்போனவை. இவளுக்கே மறந்துபோன பாத்திரங்கள்கூட இருந்தன. ராய்ஸ் உயிரோடு இருந்தபோது வாங்கிய நீலப்பூப் போட்டதும் இருந்தது. அத்தனையும் காலி. ஒரு பிஸ்கட் இல்லை, ஒரு தக்காளி இல்லை. திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவள் பெயர் எழுதிய டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. இந்த ஊரில் இனி எப்படி மூச்சு விடுவது என்று மட்டும் தோன்றியது. ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்க ஆரம்பித்தாள்.

ஓரமாக, தொட்டிச்செடிக்குப் பின்னால், ஒன்று மட்டும் அலுமினியத் தாள் சுற்றி இருந்தது. தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். சூடாக இருந்தது. பாம்பையோ செத்த எலியையோ வைத்திருப்பார்கள் என்று பயந்து, தாளின் நுனியை மட்டும் தூக்கிப் பார்த்தாள். கோழி, நூடுல்ஸ், மேலே பிஸ்கட் தூள். அது அவள் பாத்திரம் இல்லை. ஐலீனுடையதாகவும் இருக்க முடியாது. இந்த ஊர்ச் சமையல் இந்த ஊர்க்காரிக்குத்தான் வரும்.

சூட்டோடு தலைக்கு மேலே தூக்கி அடியைப் பார்த்தாள். டேப் இல்லை. டேப் இருந்த இடத்தில் பசையின் தடம் நீளமாக, ஈரமாக இருந்தது. தன் பெயரை எடுத்துவிட அந்தப் பெண்பிள்ளை மறக்கவில்லை. நடீன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். எல்லா வீட்டுத் திரைகளும் மூடியிருந்தன.

"யாரும்மா வச்சது?" என்றாள் கெண்ட்ரா கதவு இடுக்கிலிருந்து.

"தெரியல" என்றாள் நடீன். "நம்மள மாதிரியே பயந்த யாரோ." பாத்திரத்தை உள்ளே எடுத்துப்போய், கதவைத் தாழிட்டுவிட்டு, இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.